ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிராம்

இரவுப் பணி முடித்து,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீராவி
இன்னும் முடியில் ஒட்டியிருக்க,
இன்வர்னஸில் அந்தக் கடை திறக்கும்வரை
மழைக்குக் கதவோரம் ஒண்டி நின்றேன்.
பையில் நூற்று அறுபது பவுண்டு.
மூன்று மாதம் பேருந்து ஏறாமல்
மிதித்தே மிச்சம் பிடித்தது.

சலவைச் சீட்டின் பின்பக்கம் ஒரு பட்டியல்:
ஒருத்திக்கு மட்டும்.
ஒன்றரைக் கிலோவுக்குள்.
கைப்பிடியில் கட்டினால் பிரேக்கில் இடிக்காத கம்பிகள்.
மிட்ஜ் பூச்சி நுழையாத வலை.
நிறம் பச்சை. ஆரஞ்சு வேண்டவே வேண்டாம்,
பள்ளத்தாக்கு முழுக்க
நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தும்.

"எல்லாம் சேர்ந்தது ஒன்று இருக்கிறது" என்றான்
கடைக்கார டோர்க்வில்.
"அறுநூறு."
தூக்கிப் பார்த்தேன்,
ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுகூடக் கனமில்லை.
திருப்பி வைக்கும்போதுதான் கை கனத்தது.

அடுத்தது மலிவு, இலேசு.
ஆனால் நடப்பவர்களின் கைத்தடியை
நடுவில் ஊன்றினால்தான் நிற்குமாம்.
சைக்கிள்காரியிடம் ஏது தடி?
"முன்சக்கரத்தைக் கழற்றி முட்டுக் கொடுக்கலாம்..."
சொன்னவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஒற்றைத் துணி.
விட்ட மூச்சே உள்ளே பனித்துச் சொட்டும்,
விடிந்ததும் உறங்குபையைப் பிழிய வேண்டும்.
பிழிவதுதான் என் பிழைப்பு.
விடுமுறையிலுமா?

நான்காவதைத் தரையில் கட்டியே வைத்திருந்தார்கள்.
"படுத்துப் பாருங்கள்."
ஷூவைக் கழற்றினேன், சாக்ஸில் ஓட்டை.
கால் நீட்டினால்
பெருவிரலுக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரற்கடை.
உட்கார்ந்தால் தலை இடிக்கவில்லை.
மறுபடி சாய்ந்துகொண்டு,
காற்றுக்குத் தாங்குமா,
தையலுக்கு உள்ளே நாடா ஒட்டியிருக்கிறதா
என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்கவில்லை.

விழித்தபோது ஜிப் பாதி மூடியிருந்தது.
வாசலில் "காட்சிக்கு மட்டும்" என்ற அட்டையை
யாரோ சாய்த்து வைத்திருந்தார்கள். அவன்தான்.
நாற்பது நிமிடம் போயிருந்தது.
வெளியே ஒரு சிறுவன்
அப்பாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்:
"அந்தக் காலும் சேர்த்துத்தான் விற்பார்களா?"

தராசில் வைத்தோம்.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
பட்டியலைவிட இருநூற்று நாற்பது அதிகம்.
அது என் தூக்கத்தின் எடை என்று வைத்துக்கொண்டேன்.
விலை நூற்று நாற்பத்தைந்து.
அடிவிரிப்பு தனியாம், இருபத்தைந்து.
யானை வாங்கியவள் அங்குசத்துக்கு அழுதேன்;
பிறகு வீட்டுக்குப் போய்
பழைய குளியலறைத் திரையை வெட்டிக்கொண்டேன்.
அதில் வாத்துப் படங்கள் இருந்தன.

வெள்ளி மாலை, அஃப்ரிக் பள்ளத்தாக்கு.
பைன் மரங்களுக்கு அப்பால் ஏரி இருட்டிக்கொண்டு வந்தது.
சைக்கிளை ஹெதர் புதரில் சாய்த்துவிட்டு,
கம்பியைத் தலைகீழாக நுழைத்து,
உருவி, மறுபடி நுழைத்து,
ஒருவழியாக உள்ளே போனேன்.
வாத்துகளின் மேல் படுத்தேன்.

மூன்று மணி இருக்கும்.
நெற்றியில் ஒரு சொட்டு.
மறந்துபோகும் நேரத்தில் இன்னொன்று.
தலைமாட்டுத் தையல் மூலையிலிருந்து
அன்று தூங்கிவிட்ட கேள்விக்குப்
பதில் வந்துகொண்டிருந்தது.

தலையையும் காலையும் இடம் மாற்றிப் படுத்தேன்.
கால் புகார் சொல்லாது.

காலையில் உதறினேன், சுருட்டினேன்.
ஈரத்துக்கு என்ன எடை என்று
எந்த அட்டையிலும் போட்டிருப்பதில்லை.
முளைகளை எண்ணினேன். ஏழு.
எட்டு இருக்க வேண்டும்.
முழங்கால் நனைய ஹெதரில் துழாவினேன்,
மிட்ஜுகள் என் பிடரியில் காலையுணவை முடிக்கும்வரை.
கிடைக்கவில்லை.

ஒரு முளை பதினொரு கிராம்.
இனி
இருநூற்று இருபத்தொன்பதுதான் அதிகம்.